பர்சோ பெய்த மழை

ராணுவத்தில் வேலை என்று சொன்னால் உறவினர்கள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பதில் தப்பில்லை. நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. விமானத்திலிருந்து குதித்ததும் இல்லை. நீச்சல் குளத்தில்கூட ஆழமான பக்கம் போகமாட்டேன். சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்பவள். எங்கள் வீரர்கள் வேறொரு நாட்டு வீரர்களோடு சேர்ந்து பாராசூட் பயிற்சிக்குப் போகும்போது, யாருடைய விமானம், யாருடைய பாராசூட், யாருடைய ஆம்புலன்ஸ், ‘குதி’ என்று யார் சொல்வது, ‘குதிக்காதே’ என்று யார் சொல்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடிப்பேன். அவர்கள் குதிக்கும்வரை எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. குதித்த பிறகு ஒரே வேலைதான். தரையில் நின்று விரிந்த குடைகளை எண்ணுவது.

இந்த முறை ஹைதராபாத். இரு நாட்டு வீரர்களும் சேர்ந்து நாற்பது பேர், ஒரே விமானம், வியாழக்கிழமை காலை. விமானம் அவர்களுடையது, பாராசூட் அத்தனையும் எங்களுடையது. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன பயிற்சி. முதல் முறை மழை கெடுத்தது. இரண்டாவது முறை விமானம் வெள்ள நிவாரணத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது முறையும் தவறினால் இந்த ஆண்டு வேறு நாள் கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் குழுவில் சார்ஜன்ட் சுரைடா என்று ஒரு மலாய்ப் பெண். இந்த ஒரு கூட்டுக் குதிப்புதான் அவளுக்குப் பாக்கி. அதை முடித்தால் பாராசூட் பயிற்றுநர் ஆகலாம். முடிக்காவிட்டால் ஆண்டு முடிவில் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு என்னைப் போல மேசை வேலைதான். “உங்களைப் போல ஆக எனக்கு ஆசைதான் மேடம். ஆனால் இப்போதே வேண்டாம்” என்று வரும் வழியில் ஆங்கிலத்தில் நாசூக்காகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் இறங்கும்போது நல்ல மழை. காருக்கு நடந்த தூரத்திலேயே என் காலணி இரண்டும் ஊறிவிட்டன. அந்த ஈரக் காலணியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

எங்களை அழைத்துப்போக வந்தவர் மேஜர் ரகுநாதன். அந்தப் பக்கத்தில் என் வேலையைச் செய்பவர். மாதக்கணக்கில் தொலைபேசியில் மட்டுமே பேசியிருந்தோம். அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரர் காலத்தில் வேலூரிலிருந்து செகந்திராபாத் வந்தவராம். இப்போது வீடு மல்காஜ்கிரியில். பேசுவது வேலூர்த் தமிழ்தான், ஆனால் சோற்றில் முந்திரி அகப்படுவதுபோல நடுநடுவே அந்த ஊர் வார்த்தை அகப்படும்.

தங்குமிடம் திருமுல்கேரியில். போகும் வழியில் ஓர் இரானிக் கடையில் தேநீர் வாங்கித் தந்தார். எங்கள் ஊர் தே தாரிக்கில் ஆற்றிய நுரை இருக்கும். இதில் நுரை கிடையாது, பாலைக் காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டியாக்கியிருந்தார்கள். உப்பும் இனிப்புமான உருண்டை பிஸ்கட்டை அதில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட வேண்டும். சுரைடா முதல் பிஸ்கட்டைத் தவறவிட்டாள். இரண்டாவதைப் பிடித்துவிட்டாள்.

நான் கேட்டேன்: “நாளைக்கு வண்டி எட்டு மணிக்கு வந்துடுமா, மேஜர்?”

“ஹவ்.”

எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். “நீங்கதானே அனுப்பறதா சொன்னீங்க?”

“ஹவ், ஹவ்.”

“எப்படின்னா... டிரைவர் ஓட்டிக்கிட்டு வருவார்” என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

மேஜருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மேடம், ஹவ்னா இங்க ‘ஆமா’. நக்கோன்னா ‘வேணாம்’. கைக்குன்னா ‘ஏன்’. இந்த மூணு தெரிஞ்சா போதும், ஹைதராபாத்ல பொண்ணு பார்த்துக் கல்யாணமே பண்ணிடலாம்.”

மூன்றையும் குறித்துக்கொண்டேன். நான்காவது ஒன்று இருப்பதை அவர் சொல்லவில்லை.

திங்கள் முழுக்கக் கூட்டம். இரண்டு படைகள் சேர்ந்து குதிப்பதில் கஷ்டமான பகுதி வானத்தில் இல்லை, மேசையில் இருக்கிறது. தரையில் சிவப்புப் புகை விட்டால் எங்களுக்கு ‘குதிக்காதே’ என்று அர்த்தம். அவர்களுக்கு ‘காற்றின் திசையைப் பார்’ என்று அர்த்தம். உயரத்தை நாங்கள் ஓர் அளவில் சொல்வோம், அவர்கள் வேறோர் அளவில் எழுதிவைத்திருந்தார்கள். இதையெல்லாம் ஒன்றாக்கி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் மேஜரே ஒரு யோசனை சொன்னார். “ரேடியோவுல யாரும் ‘ஹவ்’ சொல்லக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துக்கலாம் மேடம். நீங்க மறுபடி விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா விமானம் நாக்பூர் போயிடும்.” எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரி ஒப்பந்தத்தில் நிஜமாகவே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பாராசூட் கிடங்குக்குப் போனோம், நானும் சுரைடாவும். மேஜர் விமானிகளோடு விமானத்தளத்தில் இருந்தார். எங்கள் பாராசூட்டுகள் போன வாரமே சரக்கு விமானத்தில் வந்து, பழைய கற்கட்டடம் ஒன்றில், மடித்துக் கட்டிய பைகளாக அடுக்கில் இருந்தன. கிடங்குப் பொறுப்பாளர் ஜப்பார் பாய். மருதாணி போட்டுச் சிவந்த தாடி, மடிப்புக் கலையாத சட்டை. ஒவ்வொரு பையையும் தட்டிக் காண்பித்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசி அடுக்குக்கு வந்தபோது வழக்கப்படி அண்ணாந்து பார்த்தேன்.

நேர் மேலே, தேநீர் சிந்திக் காய்ந்த மேசைவிரிப்பு மாதிரி, அகலமாக ஒரு பழுப்புக் கறை.

“பானி?” என்று விரலை நீட்டினேன்.

“ஹவ் மேடம். பானி ஆயா தா.” தண்ணீர் வந்தது என்கிறார்.

“கப்?” எப்போது?

“பர்சோ” என்றார் ஜப்பார் பாய், கையை ஒரு வீசு வீசி.

எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் சமூக மன்றத்தில் மாலை வகுப்பில் ஹிந்தி படித்தவள். கல் என்றால் நேற்று, பர்சோ என்றால் முந்தாநாள். தேர்வில் எனக்கு முழு மதிப்பெண். செவ்வாய்க்கு முந்தாநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை மழை பெய்ததற்கு என் காலணியே சாட்சி. பாராசூட்டுகள் அந்த அடுக்குக்கு வந்தது அதற்கும் முன்னால்.

பாராசூட் துணிக்கு ஈரம் ஆகாது. ஈரத்தோடு மடிந்து கிடந்தால் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், விரிய வேண்டிய கணத்தில் தயங்கும். அதனால் எங்களிடம் ஒரு விதி உண்டு. மேலே தண்ணீர் பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், அந்த அறையில் உள்ள அத்தனையையும் பிரித்து, தொங்கவிட்டு, உலர்த்தி, மறுபடி மடிக்க வேண்டும். சந்தேகம் பொய் என்று நிரூபிக்காதவரை அது உண்மை.

ஜப்பார் பாய் அதற்குள் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்திருந்தார். நாளைக்கு அவருக்கு விடுப்பு, அண்ணன் மகனுக்குக் கல்யாணம். “முபாரக்” என்று வாழ்த்தி அனுப்பினேன், அதுவும் வகுப்பில் படித்ததுதான்.

பிறகு ஏணி போட்டுக் கூரைமேல் ஏறினேன். தார் பூசியிருந்தார்கள். விரிசல் கண்ணில் படவில்லை. ஆனால் தார் பூசியது கசிவுக்கு முன்பா பின்பா என்பதைத் தார் சொல்லாதே. கீழே வந்து இரண்டு பைகளைப் பிரிக்கச் சொன்னேன். காய்ந்துதான் இருந்தன. ஆனால் இரண்டு காய்ந்திருந்தால் மிச்சமும் காய்ந்திருக்கும் என்று விதி ஏற்றுக்கொள்ளாது. எங்களோடு வந்த மடிப்பாளர்களை வைத்து வியாழன் காலைக்குள் எல்லாவற்றையும் பிரித்து மடிக்க வழியே இல்லை.

 பிரித்த இரண்டையும் சுரைடா மடிப்பாளரோடு உட்கார்ந்து மறுபடி மடிக்க உதவினாள். துணியை நீவிக்கொண்டே இருந்தாள், நீவிய இடத்தையே மறுபடி நீவினாள்.

ரத்துச் செய்வதாக இருந்தால் புதன் மாலை ஆறு மணிக்குள் விமானத்தளத்துக்குச் சொல்லிவிட வேண்டும். இரவே செய்தியை எழுதிவைத்துவிட்டேன். அனுப்பத்தான் கை வரவில்லை. மேஜரிடம் நேரில் சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று படுத்தேன்.

புதன் காலைச் சிற்றுண்டிக்கு மேஜர் வந்தார். வீட்டிலிருந்து மனைவி கொடுத்தனுப்பிய இட்லி, கூடவே அந்த ஊர்ப் பாணியில் வேர்க்கடலைச் சட்னி. நான் இட்லியைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னேன். கறை, மழை, விதி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார்.

“தண்ணி எப்ப வந்துச்சுன்னு சொன்னார்?”

“முந்தாநாள். பர்சோன்னு அவர் வாயாலயே சொன்னார்.”

மேஜர் இட்லியைக் கீழே வைத்தார். “மேடம், பர்சோன்னா முந்தாநாள்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“ஹிந்தி வகுப்புல.”

“அது ஹிந்தி. இது ஹைதராபாத். இங்க பர்சோன்னா நேத்து இல்லன்னு மட்டும்தான் அர்த்தம். போன வாரமும் பர்சோதான், போன வருஷமும் பர்சோதான். எங்க அப்பா ரிட்டயர் ஆனதைக்கூட ‘பர்சோதான் ஆனாரு’ம்பாங்க. அவர் ரிட்டயர் ஆகி, போய்ச் சேர்ந்து, அந்த வீட்டை நாங்க வித்தும் ஆச்சு.”

இட்லித் தட்டை என் பக்கம் இழுத்தேன். இழுத்த வேகத்தில் திரும்பத் தள்ளினேன். “அப்படின்னா ஞாயித்துக்கிழமையாவும் இருக்கலாம்?”

மேஜர் கொஞ்சம் யோசித்தார். “...ஹவ்” என்றார்.

ஜப்பார் பாயைக் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? கிடங்கில் அவருக்குக் கீழே இருக்கும் ஆள் புதியவர். கட்டடப் பராமரிப்பைக் கேட்டால், தேடித்தான் சொல்ல முடியும், இரண்டு மூன்று நாள் பொறுங்கள் என்றார்கள். கல்யாணம் பட்டான்செருவில். நகரத்தின் அந்த மூலை.

வாடகைக் கார் எடுத்தோம். பாதி வழி தாண்டியதும் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்வதுபோல வருத்தமாக ஏதோ சொன்னார். சிங்கப்பூரில் இப்படி நேர்ந்தால் அடுத்த கார் வரும்வரை நிழலில் நின்றிருப்பேன். மேஜர் நிற்கவில்லை. சாலையில் இறங்கிக் கையை நீட்டி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினார். மருந்துத் தொழிற்சாலைக்கு ஷிப்டு மாறப் போகிறவர்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சட்டையில் மருந்து நெடி. இடமே இல்லாத இடத்தில் எங்கள் இருவருக்கும் இடம் உண்டாக்கினார்கள். எங்கள் ரயிலில் காலி இருக்கைக்குக்கூட யாரும் இப்படி அழைக்கமாட்டார்கள்.

எதிரில் இருந்தவர் தெலுங்கில் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். “எந்தக் கம்பெனின்னு கேக்கறார்” என்றார் மேஜர், பிறகு தானே பதிலும் சொன்னார். எல்லோரும் என்னைப் புதிதாகப் பார்த்தார்கள்.

“என்ன சொன்னீங்க?”

“வானத்துலேர்ந்து ஆளுங்களை இறக்கற வேலைன்னேன். சரியான இடத்துல இறங்குவாங்களான்னு கேக்கறார்.”

“பெரும்பாலும்னு சொல்லுங்க.”

அதைக் கேட்டு ஆட்டோக்காரர் திரும்பாமலேயே ஏதோ சொன்னார், வண்டி மொத்தமும் சிரித்தது. மேஜர் மொழிபெயர்த்தார்: “‘என் ஆட்டோவுல வர்றவனுங்க தரையிலயே தப்பான ஸ்டாப்புலதான் இறங்கறானுங்க’ன்றார்.”

கல்யாண மண்டபத்து வாசலில் ரோஜாச் சரம் போர்த்திய கார் ஒன்று நின்றது. உள்ளே நுழைந்ததும் எங்களைப் பிரித்துவிட்டார்கள். நடுவில் திரைச்சீலை, ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். இதை நான் திட்டத்தில் சேர்த்திருக்கவில்லை. கேள்வி என்னிடம், பதில் சொல்ல வேண்டியவர் திரைக்கு அந்தப் பக்கம். “கவலைப்படாதீங்க, நான் கேட்டுட்டு வந்துடறேன்” என்று சொல்லி மேஜர் மறைந்தார். எட்டிப் பார்ப்பதற்குள் இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

மெரூன் புடவை கட்டிய ஓர் அம்மாள் தட்டோடு வந்தார். மேஜரின் தமிழ் காதில் விழுந்திருக்க வேண்டும், “தமிழா?” என்றார்.

“ஆமாங்க. சிங்கப்பூர்லேர்ந்து வர்றேன். ஜப்பார் பாயைப் பார்க்கணும்.”

“நான் அவரு பீவிதான், ஷாஹானா. திருமுல்கேரில எங்க லைன்ல எல்லாம் தமிழ் ஆளுங்கதான், அதான் எனக்கும் வருது. சாப்புடுங்க அக்கா.”

“ஒரே ஒரு கேள்விதான். அவசரம்.”

“சிங்கப்பூர்லேர்ந்து வந்தவங்களுக்கு ஒரு பிளேட் சாப்புட நேரமில்லையா? கைக்கு இவ்வளவு அவசரம்?”

பிரியாணி வந்தது. பச்சை மிளகாயை முழுசாகப் போட்டு வேர்க்கடலை அரைத்துவிட்ட சாலன் வந்தது. முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடத்தை நினைத்துக்கொண்டு “நக்கோ, நக்கோ” என்றேன். பந்தியே குலுங்கிச் சிரித்தது. “நக்கோ சொல்லத் தெரியுதே! அப்ப நம்ம ஆளு!” என்று இன்னொரு கரண்டி விழுந்தது. நேற்று மதியத்திலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்னால், அந்தத் தட்டை முழுக்கச் சாப்பிட்டேன். அதற்குமேல் சர்க்கரைப் பாகில் வெந்த ஆப்ரிகாட் பழமும் பாலாடையும்.

திரையோரம் மேஜரின் குரல் கேட்டது. “மேடம், கேட்டுட்டேன்.”

எழுந்து ஓடினேன். “என்ன சொன்னார்?”

“பர்சோ.”

“எந்தப் பர்சோ?”

“அதையும் கேட்டேன். ‘ரொம்ப முன்னாடிப் பர்சோ’ன்றார்.”

“எவ்வளவு முன்னாடி?”

“‘கைக்கு? இப்ப ஒழுகலையே’ன்றார். அதுக்குள்ள மாப்பிள்ளைக்கு மாலை போடணும்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. மேடம், அவர் முகத்தைப் பார்த்தா ரொம்பப் பழைய கதைன்னு தெரியுது.”

“முகத்தை வெச்சு நாப்பது பேரை விமானத்துல ஏத்த முடியாது, மேஜர்.”

கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் ஷாஹானா வந்து நின்றார். “என்னாச்சு அக்கா? அந்த ஸ்டோர் ஒழுகினதா கேக்கறீங்க?”

“ஆமா. எப்போன்னு தெரிஞ்சா போதும்.”

“யா அல்லா, இதைப் போய் அவருகிட்ட கேட்டா? அவருக்கு எங்க கல்யாணமே பர்சோதான்.” திரும்பி, கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “சாயிமா! ஏ சாயிமா! இதர் ஆ!”

ஜிகினா வைத்த பாவாடையில் ஒரு சிறுமி ஓடிவந்தாள். முன்பற்கள் இரண்டும் இல்லை.

“எங்க கடைசிக் குழந்தை, ஒரே பொண்ணு” என்றார் ஷாஹானா. “அன்னிக்கு ராத்திரி பூரா மழை. இவரு ஸ்டோர்ல தண்ணி மொண்டு ஊத்திட்டுக் காலைல நனைஞ்சு வந்தாரு, ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தாரு. நான் இவளை வயித்துல வெச்சுக்கிட்டு, குனிய முடியாம, கஷாயம் வெச்சுக் குடுத்தேன். இவளுக்கு முன்னாடி எனக்கு எல்லாம் ஆம்பளப் பசங்க, அதனால எந்தப் புள்ளைன்னு குழம்ப வழியே இல்ல.”

“அதுக்கப்புறம் ஒழுகவே இல்லையா? இந்த ஞாயித்துக்கிழமை மழையில?”

“அப்பவே தார் போட்டுட்டாங்களே. முன்னெல்லாம் மழைச் சத்தம் கேட்டா எந்திரிச்சு ஸ்டோருக்கு ஓடுவாரு. தார் போட்டப்புறம் இடி இடிச்சாலும் தூங்கறாரு. ஞாயித்துக்கிழமையும் குறட்டைதான். திங்கக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்து ஒரு சொட்டு இல்லைன்னும் சொன்னாரு.”

நான் குனிந்து சிறுமியிடம் கேட்டேன்: “நீ என்ன கிளாஸ் படிக்கறே?”

“செகண்ட் கிளாஸ், ஆன்ட்டி.” பல்லில்லாத இடைவெளியில் காற்று சீறியது.

பிறந்த தேதியையும் கேட்டேன். தேதி, மாதம், வருடம் மூன்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். ஹைதராபாத்தில் எனக்குக் கிடைத்த முதல் முழுமையான தேதி அதுதான். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு கட்டியே கொண்டேன், ஜிகினா என் புடவையெல்லாம் ஒட்டியது.

மேஜர் அந்த வருடத்தைத் திரைக்கு அப்பால் கொண்டுபோய் ஜப்பார் பாயிடம் சொல்லிக் கேட்டார். “ஹவ், ஹவ், வஹீச் பர்சோ!” என்று அங்கிருந்தே ஜப்பார் பாய் கத்தியது எனக்குக் கேட்டது. அந்தப் பர்சோதானாம்! எங்கள் பாராசூட்டுகள் அந்தக் கூரையின் கீழ் வருவதற்கு ஏழு வருடம் முன்னால் வந்த தண்ணீர்.

மணி நாலுகூட ஆகவில்லை. மண்டபத்துக் கைகழுவும் இடத்தில் நின்று விமானத்தளத்துக்குப் பேசினேன். வியாழக்கிழமை திட்டப்படியே நடக்கும் என்றேன். எனக்கு வேறு மாதிரி ஒரு யோசனை இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. பிறகு சுரைடாவைக் கூப்பிட்டேன்.

“மடித்தது மடித்தபடியே இருக்கட்டும். நாளைக்குப் போகிறோம்.”

 “சரி மேடம். காலுறை துவைத்துப் போட்டிருக்கிறேன், எடுத்துவைக்கிறேன்” என்றாள். அவ்வளவுதான். ஆனால் போனை வைக்க மறந்துவிட்டாள். அறையில் யாரிடமோ அவள் மலாயில் கத்திச் சிரித்தது கேட்டது.

திரும்பி வரக் கார் இல்லை என்று கேட்டதும் ஜப்பார் பாய் கல்யாணக் காரையே கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளை கிளம்ப இன்னும் நேரமிருக்கிறது, கைக்கு ஆட்டோ என்றார். ரோஜாச் சரம் முழுக்கத் தொங்க, பின்கண்ணாடியில் இரண்டு பெயர்கள் மினுங்க, நானும் மேஜரும் பின்சீட்டில் விறைப்பாக உட்கார்ந்து கன்டோன்மென்ட் வாசலில் வந்து இறங்கினோம். காவலுக்கு நின்ற வீரர் மேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். சல்யூட் அடித்தார்.

“நாளைக்குள்ள இந்தக் கதை என் வீட்டுக்குப் போயிடும் மேடம்” என்றார் மேஜர் மெதுவாக.

“எப்ப நடந்ததுன்னு கேட்டா பர்சோன்னு சொல்லிடுங்க.”

வியாழன் காலை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. இறங்கும் வெளி நகரத்துக்கு வெளியே. தக்காணத்துப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, நடுவில் பரந்த புல்வெளி. ஆம்புலன்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. புகைக்குப்பிகள் இருந்தன, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை. ரேடியோவில் விமானி கேட்ட கேள்விக்கு மேஜர் வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்து அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

விமானத்தின் சத்தம் முதலில் வந்தது, பிறகு விமானம். வயிற்றுக்கடியிலிருந்து முதல் புள்ளி விழுந்தது. புள்ளி நீண்டது, உதறியது, குடையானது. அடுத்தது. அதற்கடுத்தது. பக்கத்தில் மேஜரும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார், அவர் தெலுங்கில், நான் தமிழில். விமானம் ஒரு சுற்று வந்து மிச்சப் பேரையும் உதிர்த்துவிட்டுப் போனது. இரண்டு பேரின் கணக்கும் ஒரே இடத்தில் முடிந்தது. நாற்பது.

எதைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை என்று இரண்டு நாளாகத் தவித்தேனோ, அது முழுக்க இப்போது என் தலைக்கு மேலே பிரிந்து நின்றது. ஒரு பை பாக்கியில்லை, ஒரு மடிப்பு பாக்கியில்லை. எந்தக் கிடங்கிலும் இவ்வளவு நன்றாக உலர்த்த முடியாது.

சுரைடா ஒரு பாறைக்குக் கொஞ்சம் தள்ளி இறங்கி, உருண்டு, எழுந்தாள். பாராசூட்டைச் சுருட்டி அணைத்துக்கொண்டு நேராக என்னிடம் நடந்து வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, முகமெல்லாம் மண், அதற்குள் சிரிப்பு.

“தொட்டுப் பாருங்கள், மேடம்.”

துணியைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தேன். வெயில் சூடு. புழுதியும் விமான எரிபொருளும் கலந்த வாசனை. நன்றாகக் காய்ந்திருந்தது. வியர்வையில் நனைந்திருந்தது என் உள்ளங்கைதான். யோசிக்காமல் அந்தத் துணியிலேயே துடைத்துக்கொண்டேன்.

விதிப்படி அது இப்போது ஈரம் பட்ட பாராசூட். பிரித்து, தொங்கவிட்டு, உலர்த்தி, மறுபடி மடிக்க வேண்டும். நேரம் நிறைய இருந்தது.